ஜி.ஐ. வரதன்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு பட்டறையில், வரதனின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து வறுத்த சங்கரா மீன் ஒன்று எழுந்து வெளியே போனது. மசாலாவோடுதான் போனது. ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது என்பதில், பார்த்த நான்கு பேருக்குள்ளும் கருத்து வேறுபாடு இல்லை. அது முற்றத்தைத் துள்ளித் துள்ளிக் கடந்து, லாரி நிறுத்தும் எடைமேடையின் மீது ஏறி இறங்கி, மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் திரும்பி மறைந்தது. பட்டறைப் பூனை எழுந்து இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, இது தன் வேலையில்லை என்பதுபோல் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. வரதன் மிச்சச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தான்.

வரதனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, எண்பத்தொரு கிலோ எடை. வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வீடு. வீட்டில் புத்தர் படம், அம்பேத்கர் படம், மனைவி மலர்க்கொடி. பத்தொன்பது வருடமாக அதே பட்டறையில் வேலை. இரும்பை முதலில் ஆசிட்டில் கழுவித் துரு எடுக்க வேண்டும்; பிறகு கம்பியில் கட்டித் தூக்கி, உருகிக் கொதிக்கும் ஜிங்க் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த இரும்பு வெள்ளி போல மின்னும், முப்பது வருடம் துருப்பிடிக்காது. தொட்டி ஓரத்தில் நின்று, மேலே சங்கிலித்தூக்கி ஓட்டுபவருக்குக் கையால் சைகை காட்டுவது வரதனின் வேலை. தூக்கு, நிறுத்து, இடது பக்கம், இறக்கு. தொட்டியின் சத்தத்தில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. பத்தொன்பது வருடமும் அவன் வேலை நேரத்தில் வாய் திறந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்த பிறகும் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் போயிற்று. பட்டறையில் முடிந்து வெளியே போகும் இரும்புக்கு ஜி.ஐ. என்று பெயர். ஜி என்றால் குட், ஐ என்றால் அயர்ன் என்று மேஸ்திரி வில்சன் சொல்லியிருந்தார். எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

மீன் விஷயத்தை முதலாளி மஹீன் பாய் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீன் கடைசிவரை சரியாக வேகவில்லை, அவ்வளவுதான் என்றார். ஆனால் மறுநாள் இரண்டு மணிக்கு மேஸ்திரி வில்சன் விஷயம் நடந்தது. வில்சன் பதினோரு வருடமாக மதியம் இரண்டு மணிக்கு நாற்காலியில் தலை சாய்த்து, நாலரைக்கு நிமிர்பவர். லாரி வந்து நிற்கிறது என்று சொல்ல வரதன் அவர் தோளைத் தொட்டான். வில்சன் எழுந்தார். எழுந்தவர் ஒன்பது நாள் உட்காரவில்லை. பட்டறையிலிருந்த நாற்பதாயிரம் போல்ட்டுகளையும் அளவு வாரியாகப் பிரித்து அடுக்கினார். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மறுபடி பிரித்தார். அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்து, அவர் பின்னாலேயே நடந்து ஊட்டிவிட்டாள். பத்தாம் நாள் அவர் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது, கண்ணில் தண்ணீர் வந்தது.

அதற்குள் செய்தி புளியந்தோப்பு வரை போய்விட்டது. மீன் துள்ளுவதை ஒருவர் போனில் எடுத்திருந்தார், 'ஜி.ஐ. மீன்' என்ற தலைப்பில் அது வடசென்னை முழுவதும் சுற்றியது. ஆட்கள் வரதன் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகாத மருமகனைக் கூட்டிவந்தார்கள். ஓடாத மிக்ஸியைத் தூக்கிவந்தார்கள். ஒரு கேரம் குழு, இறுதிப்போட்டிக்கு முந்திய நாள், வரிசையாக ஆறு பேரும் கையை நீட்டினார்கள். வரதன் யாருக்கும் முடியாது என்று சொல்லவில்லை. அவன் தொட்ட மருமகன் மூன்று நாளில் எட்டு இடங்களில் வேலைக்குச் சேர்ந்தான், ஓரிடத்திலும் நிற்கவில்லை. மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஓடியது. கடைசியில் அதைக் கோணிப்பையில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. கேரம் குழு ஜெயித்தது, கோப்பையை வாங்கிக்கொண்டு நிற்காமல் மாத்தூர் வரை நடந்து போய்விட்டது.

மலர்க்கொடியே ஒருமுறை பயன்படுத்திக்கொண்டாள் என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது. நான்கு வருடமாக ஓர் அலுவலகத்தில் அவளுடைய சான்றிதழ் மனு ஒன்று கிடந்தது. வரதன் போய் அங்கிருந்த அலுவலரிடம் வணக்கம் சொல்லிக் கை குலுக்கினான். ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. மறுநாள் தபாலில் ஏழு வந்தன. அதற்கடுத்த நாள் பதினான்கு. அந்த மாதக் கடைசியில், அவர்களுக்குப் பிறக்காத இரண்டு பிள்ளைகளுக்கும் முறையாக முத்திரையிட்ட சான்றிதழ் இருந்தது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் மலர்க்கொடி அந்த இரண்டை மட்டும் தூக்கிப் போடவில்லை, துணி அலமாரியில் அடியில் வைத்துக்கொண்டாள்.

மலர்க்கொடி ரேஷன் கடையில் எடை போடுபவள். இருபது வருடமாக அரிசியையும் சர்க்கரையையும் எடை போட்ட கண். ஒரு பையைப் பார்த்தாலே முந்நூறு கிராம் குறைவு என்று சொல்லிவிடுவாள். அக்டோபர் மாதம் ஒருநாள் காலையில், சட்டை மாட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தவள், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யோவ், இங்க வா. இன்னாயா நீ, பன்னெண்டு கிலோ கொறஞ்சு கீற?"

வரதன் அதெல்லாம் இல்லை என்றான். அவள் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், அரிசி மூட்டை வைக்கும் தராசில் நிற்க வைத்தாள். அறுபத்தொன்பது கிலோ. அன்று மாலை ஒரு தையல்காரரின் நின்றுபோன தையல் மிஷினைத் தொட்டுவிட்டு வந்தான். மறுபடி நிற்க வைத்தாள். அறுபத்தெட்டு. அதன் பிறகு அவள் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தாள்: மெஷின் என்றால் ஒரு கிலோ, மனிதர் என்றால் ஒன்றே கால், அரசு அலுவலர் என்றால் இரண்டு. காலையில் அவன் தலையணையில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது. மழையில் நனைந்த ஜி.ஐ. தகட்டின் மேல் பூக்கும் அதே பொடி. மலர்க்கொடி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், முந்தானையில் துடைத்தாள். குளிக்கப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுநாள் பட்டறையிலிருந்து தோல் கையுறை இரண்டை வாங்கிவரச் சொல்லி, அவன் கையில் மாட்டி, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டாள். வேலையில் மட்டுமல்ல, வீட்டிலும் கழற்றக் கூடாது. அவளே சோறு ஊட்டினாள். வாசலுக்கு வந்தவர்களுக்கு அவளே பதில் சொன்னாள். ஒரு கட்சிக்காரர் தன் பகுதியில் பாதியில் நின்ற சாலை வேலைக்காக வந்தபோது, "அந்த ரோட்ட தொட்டா அவுரு செத்துடுவாரு, பரவால்லியா?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். அவள் கதவைச் சாத்திவிட்டாள். ஆனாலும் வரதன் ரயில் நிலையத்திலும் டீக்கடையிலும் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துவிடுவான். ஜனவரி பிறந்தபோது ஐம்பத்தாறு கிலோ. அவன் நடந்து வந்தால் சட்டை முதலில் வந்து அவன் பிறகு வருவது போலிருந்தது.

ஜனவரி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ராயபுரத்திலிருந்து சாண்ட்ரா வந்தாள். கல்மண்டபத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில், தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். முப்பத்து நான்கு வயது. கையில் தேங்காய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று. மலர்க்கொடி கதவை ஒரு சாண் திறந்து, "அவுரு யாரையும் தொட மாட்டாரு, கெளம்பு" என்றாள்.

"தொட வேணாம்க்கா. அந்த ஜி இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? அத்த சொல்லிட்டுப் போறேன்."

"குட்."

"குட் இல்லக்கா. கால்வனைஸ்."

அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளேயிருந்த வரதனுக்கு ரோமம் சிலிர்த்தது, அலமாரியில் பாத்திரங்கள் ஒருமுறை கிணுகிணுத்தன. மலர்க்கொடி கதவைத் திறந்தாள்.

சாண்ட்ரா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் கால்வனி என்று ஒரு வைத்தியர் இருந்தார். செத்த தவளையின் காலைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். கொக்கி இரும்பில் பட்டபோதெல்லாம் செத்த கால் உதைத்தது. ஊரே கூடிப் பார்த்தது. அந்த ஆள் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் ஆக்கிவிட்டார்கள்: சோர்ந்து கிடப்பவரை உலுக்கி எழுப்பி வேலை செய்ய வைப்பது. அப்புறம் இரும்பின் மேல் ஜிங்க் ஏற்றுவதற்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்த மனிதர் தன் வாழ்நாளில் எதையும் ஜிங்க்கில் முக்கியதில்லை.

"தவள எதுக்கு அந்தாளு வூட்ல?" என்றாள் மலர்க்கொடி.

"சம்சாரத்துக்கு ஒடம்பு முடியல, சூப்பு வெக்க வாங்கினாருன்னு ஒரு கத கீது. நெசமோ பொய்யோ."

"அப்பால அந்தப் பொம்பளைக்குக் கொணமாச்சா?"

சாண்ட்ரா அதை யோசித்ததில்லை. "இல்லக்கா. அவங்க சீக்கிரமே எறந்துட்டாங்கன்னுதான் போட்டிருக்கு."

"தவள?"

"தவள ஏற்கெனவே செத்ததுதானே. கால் மட்டும் துடிச்சுது."

மலர்க்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா? உசுரு வரல. துடிப்புதான் வந்துச்சு. வில்சன் அண்ணன் போல்ட்ட கொட்டிக் கொட்டி அள்ளுனாரே, அதான் இது." பிறகு சாண்ட்ராவிடம், "ஜிங்க்கு எப்டிம்மா இரும்பக் காப்பாத்துது? அதையும் சொல்லு" என்றாள்.

இதற்கு வரதனே பதில் சொன்னான். அன்று அவன் பேசியது அதுதான் முதல் தடவை. காற்றும் உப்பும் இரும்பைத் தின்ன வரும்; ஜிங்க் முன்னால் நின்று, என்னைத் தின்னு என்று கொடுக்கும்; ஜிங்க் தீர்ந்த பிறகுதான் இரும்பில் கை வைக்கும். சொல்லிவிட்டுக் கையுறைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். மலர்க்கொடி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்து அவன் வாயில் வைத்தாள், கொஞ்சம் கோபமாகவே வைத்தாள்.

அப்புறம்தான் சாண்ட்ரா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பா அருள்நாதன் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஊட்டினால் சாப்பிடுவார், பிடித்துக்கொண்டு போனால் வருவார், விட்டால் மறுபடி அதே நாற்காலி. பேச்சு இல்லை. டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். ரயில்வேயில் வேலை செய்யும் நோயலுக்கும் அவளுக்கும் இரண்டு முறை கல்யாணத் தேதி குறித்து இரண்டு முறையும் தள்ளிப்போனது. அப்பா கைபிடித்துக் கூட்டிப்போகாமல் பீடத்துக்கு நடக்க மாட்டேன் என்று அவள்தான் தள்ளினாள். இப்போது மூன்றாவது தேதி, பொங்கல் கழிந்து வரும் வியாழக்கிழமை. நோயலின் தலையில் முன்பக்கம் முடி கொட்டத் தொடங்கிவிட்டது.

"நான் கேக்கக் கூடாதுதான்க்கா," என்றாள். "அண்ணனப் பாத்தாலே தெரியுது. நான் கெளம்பறேன்." எழுந்தவள் கைப்பையை எடுக்க மறந்து, படி வரை போய்த் திரும்பி வந்தாள்.

வரதன் அதற்குள் பல்லால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான். மலர்க்கொடி அவன் கையைத் தட்டிவிட்டாள். "போலாம். ஆனா நான் சொல்ற வரிக்கும் கை வைக்கக் கூடாது. துரு எடுக்காத இரும்புல ஜிங்க் புடிக்குமா? நீதான சொல்லுவ. மொதல்ல அவருக்கு இன்னா துருன்னு நான் பாக்கறேன்." அவள் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய், சிறிய தராசு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தாள். ஆட்டோவில் மூன்று பேருக்கு நடுவில் அது உட்கார்ந்து வந்தது.

ராயபுரத்தில் மாதா கோயில் தெருவிலிருந்து பிரியும் சந்தில், முதல் மாடி வீடு. ஜன்னலுக்கு நேராக, கூரைகளுக்கு அப்பால், துறைமுகக் கிரேன்களின் தலைகள் தெரிந்தன. அருள்நாதன் அவற்றைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி, சவரம் செய்த முகம். நோயல் வந்து சவரம் செய்துவிட்டுப் போயிருந்தான். மலர்க்கொடி எதிரே குந்தி, "நைனா, சாப்டியா?" என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் பேசினாள். ரேஷன் பாமாயில் பற்றிப் பேசினாள், வியாசர்பாடி வெள்ளம் பற்றிப் பேசினாள், நடுவில் திட்டியும் பார்த்தாள். அருள்நாதன் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை.

வரதன் பேச்சைக் கவனிக்கவில்லை. பேச்சைக் கவனித்து அவனுக்குப் பழக்கமில்லை. அவன் பார்த்தது கைகளை. நாற்காலியின் வலது கைப்பிடியில் விரல்கள் அரை அங்குலம் முன்னும் பின்னும் போய்வந்தன. இடது கை, எதையோ பின்னால் இழுத்துப் பிடித்தது போல், நரம்பு புடைக்க நின்றிருந்தது.

"டீச்சர்," என்றான் வரதன், "இவரு சும்மா குந்திகினு இல்ல. ட்யூட்டில கீறாரு."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"லோடு மேல தொங்குது. புடிச்சுகினு கீறாரு. யாரும் இறக்கச் சொல்லல."

மலர்க்கொடி எழுந்து சுவரில் மாட்டியிருந்த படத்தருகே போனாள். ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படம். சக ஊழியர்கள் சுற்றி நின்று சிரிக்கிறார்கள், நடுவில் அருள்நாதன் ரோஜா மாலையோடு. அவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார் என்று பங்குச் சாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே அதைச் சொல்லியிருந்தார். மலர்க்கொடி அரிசியில் கல் பார்ப்பது போல் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மேல் ஓரத்தில், சட்டத்துக்கு அடியில் பாதி மறைந்து, கிரேனில் தொங்கும் ஒரு நீலக் கன்டெய்னர் பெட்டியின் மூலை.

"சாமியப் பாக்கலம்மா இவரு. பொட்டியப் பாக்கறாரு."

சாண்ட்ராவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போட்டோகிராபர் அடுத்த கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தியதால், பெட்டி அந்தரத்தில் தொங்கும்போதே அப்பாவைக் கீழே கூப்பிட்டார்கள். மாற்று ஆள் ஏறி மீதியை இறக்கினார். ஒரு தவறும் நடக்கவில்லை, பெட்டி பத்திரமாக லாரியில் உட்கார்ந்தது. ஆனால் அருள்நாதனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மூன்று வருடமாக அவர் இருபது டன்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சாண்ட்ரா அவர் காலடியில் உட்கார்ந்து, இடது கையைத் தடவிக்கொடுத்து, "டாடி, அது எறக்கியாச்சு டாடி, அன்னைக்கே எறக்கிட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கிரேன் ஓட்டுபவர் காதை நம்ப மாட்டார். அந்த உயரத்தில் காது எதற்கும் உதவாது.

மலர்க்கொடி தராசைத் தரையில் வைத்து, அதன் மேல் வரதனை ஏற்றினாள். ஐம்பத்தாறு. அவளே முடிச்சை அவிழ்த்து, இடது கையுறையைக் கழற்றினாள். "ஒரே தபா," என்றாள். "ஐம்பதுக்குக் கீழ போனா நான் இழுத்துடுவேன், சொல்லிட்டேன்."

வரதன் தராசில் நின்றபடியே எட்டி அருள்நாதனின் தோளைத் தொட்டான்.

எண் மாறியது. ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. மலர்க்கொடி தராசைத் தட்டிப் பார்த்தாள். அறுபத்தெட்டு. வரதனின் கன்னம் நிரம்பியது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஜன்னல் கம்பியில் பட்டது. எழுபத்தாறில் நின்றது. சாண்ட்ரா பிறகு இதற்கு விளக்கம் சொன்னாள்: கால்வனியோடு சண்டை போட்ட வோல்டா என்று இன்னொரு இத்தாலிக்காரர் உண்டு, சக்தி தவளையிலும் இல்லை, ஒரு உலோகத்திலும் இல்லை, இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொடுவதில்தான் இருக்கிறது, எது எதற்குக் கொடுக்கும் என்பது அந்த இரண்டையும் பொறுத்தது என்றார் அவர். மிக்ஸியில் எழுதியிருக்கும் வோல்ட் அந்த ஆளா என்று மலர்க்கொடி கேட்டாள். ஆமாம் என்றதும், பரவாயில்லை, விவரமான ஆள்தான் என்றாள். எப்படியிருந்தாலும், மூன்று வருடம் இருபது டன்னைப் பிடித்தவரிடம் கொடுப்பதற்கு நிறைய இருந்திருக்கிறது.

அந்த நேரத்தில் அருள்நாதனின் கண் ஜன்னலை விட்டுத் திரும்பி, வரதனின் கையைப் பார்த்தது. வரதனுக்குப் புரிந்தது. ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, சின்ன வட்டம் போட்டான். தூக்கு. அருள்நாதன் உட்கார்ந்த வாக்கிலேயே எழும்பினார். நாற்காலி தரையில் நின்றது, அவர் மட்டும் ஒரே சீராக, ஆட்டமில்லாமல், ஜன்னல் மேல்கட்டை உயரத்துக்குப் போனார். வரதன் கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தான். நின்றார். உள்ளங்கையால் வலப்பக்கம் தள்ளினான். வலப்பக்கம் போனார். விரலைக் கீழே நீட்டி வட்டம் போட்டான். அருள்நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்கவில்லை.

"எங்க எறக்கறதுன்னு எடம் காட்டலியே," என்றான் வரதன். "எடம் தெரியாம எந்த டிரைவரும் எறக்க மாட்டான்."

பதினோரு நாள் அருள்நாதன் அந்தரத்திலேயே இருந்தார். உட்கார்ந்த நிலை மாறி, இரண்டாம் நாளே காலை நீட்டி நின்றார். மின்விசிறியைக் கழற்றினார்கள். தூங்கும்போது காற்றில் நகர்ந்து அலமாரியில் இடித்துக்கொள்ளாமல் இடுப்பில் ஒரு கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்தார்கள். கோட்டு தைக்க அளவெடுக்க வந்த தையல்காரர் ஸ்டூல் கேட்டார். நோயல் தினமும் வந்து ஏணியில் ஏறிச் சவரம் செய்தான். வரதன் வேலை முடிந்ததும் வந்து சாண்ட்ராவுக்குச் சைகை கற்றுக்கொடுத்தான். மணிக்கட்டு ஆடக் கூடாது, அவசரப்படக் கூடாது, சந்தேகம் வந்தால் நிறுத்து. வாழ்நாளெல்லாம் சொற்களைச் சொல்லிக்கொடுத்தே பழகியவள் விரலோடு வாயையும் அசைத்தாள். அதை மட்டும் அவனால் கடைசிவரை திருத்த முடியவில்லை.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு, வெள்ளைக் கவுனும் கையுறையுமாகச் சாண்ட்ரா முன்னால் நடக்க, புதுக் கோட்டில் அருள்நாதன் அவள் தலைக்கு மேலே நான்கடியில் வந்தார். சந்தில் கேபிள் கம்பிகள் இருந்தன. வரதன் பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல, அவள் ஒவ்வொரு கம்பிக்கும் அவரை நிறுத்தி, தாழ்வாகச் சாய்த்து, கடத்தினாள். கடலோரச் சாலையிலிருந்து வந்த ஒரு கன்டெய்னர் லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இவர்கள் கடக்கும்வரை காத்திருந்து, வழக்கம்போல ஹாரன் அடித்தார். கோயில் வாசலில் பங்குச் சாமியார் அண்ணாந்து பார்த்து, மேல் நிலைப்படியில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாட்டுக்காரர்கள் ஒரு வரியைத் தவறவிட்டுப் பிறகு பிடித்துக்கொண்டார்கள்.

பீடத்தின் முன் நோயல் நின்றான். சாண்ட்ரா அவனுக்குப் பக்கத்தில் போய், திரும்பி நின்று, தரையில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினாள். இங்கே. பிறகு விரலைக் கீழே நீட்டி வட்டம் போட்டாள். விரலோடு வாயும் அசைந்தது. அருள்நாதன் இறங்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வரதன் பாதி எழுந்தான். மலர்க்கொடி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். சாண்ட்ரா கையுறையைக் கழற்றி நோயலிடம் கொடுத்தாள். வெறுங்கையால் மறுபடி காட்டினாள், இந்தமுறை வாய் அசையாமல்.

அருள்நாதனின் இடது கை மெல்லத் தளர்ந்தது. ஓர் அங்குலம், இன்னொரு அங்குலம். முட்டைக் கூடையை வைப்பதுபோல அவர் தரைக்கு வந்தார். முதலில் செருப்பின் நுனி, பிறகு குதிகால். சாண்ட்ராவின் கையை எடுத்து நோயலின் கையில் வைத்தார், ஆனால் தன் பிடியை விடவில்லை.

"புடிச்சுக்கினியா?" என்று கேட்டார். மூன்று வருடம் உபயோகிக்காத குரல், துருப்பிடித்திருந்தது.

"புடிச்சுக்கினேன் மாமா."

"கெட்டியா?"

"கெட்டியா புடிச்சுக்கினேன்."

"அப்போ நான் வுட்டுடறேன்," என்றார் அருள்நாதன், விட்டுவிட்டு, இடது கையை உதறி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் ஒன்றும் பெட்டி இல்லை என்று சாண்ட்ரா பிற்பாடு நோயலிடம் சண்டை பிடித்தாள். ஆனால் அன்று பீடத்தில் அவள் அழுததில் கண்மை வழிந்ததைக் கல்யாணப் படங்கள் பதிவு செய்திருக்கின்றன.

வரதன் எழுபத்தாறு கிலோவிலேயே நின்றான். தொட்டால் இப்போது எதுவும் துள்ளுவதில்லை. வீட்டில் பால் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் பொங்குகிறது என்கிறாள் மலர்க்கொடி. சாண்ட்ரா தன் வகுப்பில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் இரண்டு அர்த்தத்தையும் பலகையில் எழுதி, தேர்வுக்கு முதலாவது போதும் என்று சொல்லிவிடுகிறாள். அருள்நாதன் காலையில் மீன் வாங்க நடந்து போகிறார், வாய் ஓயாமல் பேசுகிறார். காற்று பலமாக இருந்தால் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடுவார். எதிரே வருகிறவர்கள் யாரானாலும் விரலால் கீழே காட்டிவிட்டுப் போவார்கள், அவரும் நன்றி சொல்லி இறங்கிக்கொள்வார். ஞாயிறு இரண்டாம் பூசையில் இடப்பக்கம் நான்காவது வரிசைக்கு மேலிருக்கும் மின்விசிறியைப் போடுவதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் கோடைக்காலத்தில் வியர்வையைத் துடைத்தபடி ஏன் என்று கேட்பார்கள். அருள்நாதன் அண்ணன் உட்காரும் இடம் என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் தலையாட்டிவிட்டு, வேறு விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.